பேய்க்கதை படித்தால் ஈமான் போய்விடுமா?

சென்ற வருடம் இரண்டாம் தவணையில் ஒரு நாள், இடைவேளை மணி அடித்த நேரம், எனது வகுப்பு மாணவி ஒருத்தியின் வாப்பா பாடசாலைக்கு வந்திருந்தார். ஹட்டன் டவுனில் சிறிய பிடவைக் கடை வைத்திருப்பவர். கையில் புதுமைப்பித்தன் கதைகள். எங்கள் வகுப்பு வாசிப்பு மூலையிலிருந்து மகள் வீட்டுக்குக் கொண்டுபோன புத்தகம்தான். 'காஞ்சனை' என்ற கதை தொடங்கும் பக்கத்தில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், இந்தப் பேய்க்கதையெல்லாம் எனத்துக்கு புள்ளைகளுக்குக் குடுக்கிற? மூணு நாளா ராவைக்கு லைட்ட அணைக்க உடுறாள் இல்ல. குராபாத் தானே இது? ஈமானுக்கு நல்லமா?"

கோபமாகக் கேட்கவில்லை. மகளின் மீதுள்ள அக்கறையில் கேட்டார். நான் "அது கதைதானே நானா" என்று ஏதோ சமாளித்தேன். அவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, இருபது வருடமாக அதையே படிப்பித்துக்கொண்டிருக்கும் நான் ஒரு தகப்பனுக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குராஃபா என்றொரு மனிதர்

அவர் சொன்ன அந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்கலாம். குராபாத். மூடநம்பிக்கை, கட்டுக்கதை, மார்க்கத்தில் இல்லாத கூத்து எல்லாவற்றையும் சேர்த்து நாம் ஏசுவதற்கு வைத்திருக்கும் சொல் இது. இதன் மூலமான 'குராஃபா' ஒரு மனிதரின் பெயர் என்று சொல்லும் அறிவிப்பொன்று இமாம் திர்மிதியின் 'ஷமாஇல்' நூலில் இருக்கிறது.

ஓர் இரவு நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்கு ஒரு செய்தியைச் சொல்கிறார்கள். அதைக் கேட்ட ஒருவர், இது குராஃபாவின் பேச்சைப் போல அல்லவா இருக்கிறது என்கிறார். குராஃபா யாரென்று தெரியுமா என்று கேட்டுவிட்டு நபியவர்கள் விளக்குகிறார்கள். அவர் உத்ரா கோத்திரத்து மனிதர். ஜாஹிலிய்யாக் காலத்தில் ஜின்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போயின. நெடுங்காலம் அவற்றோடு வாழ்ந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அங்கே கண்ட அதிசயங்களையெல்லாம் சனங்களுக்குச் சொன்னார். அன்றிலிருந்து நம்ப முடியாத பேச்சையெல்லாம் 'குராஃபாவின் பேச்சு' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இந்த அறிவிப்பின் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் இதிலிருந்து சட்டம் எடுக்க நான் வரவில்லை. இரவில் குடும்பத்தோடு இருந்து வியப்பான செய்தி பேசுவதை நம் முன்னோர் அந்நியமாக நினைக்கவில்லை என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

கதை என்று தெரிந்தே எழுதப்பட்ட கதையையும் நமது ஆலிம்கள் தள்ளிவிடவில்லை. 1122இல் வஃபாத்தான அல்ஹரீரியின் 'மகாமாத்' முழுக்கக் கற்பனை. அதில் வரும் அபூஸைத் ஊருக்கு ஊர் வேஷம் மாற்றி ஆட்களை ஏமாற்றும் பேச்சுக்காரன். அந்த நூல் இன்றும் பல மத்ரஸாக்களில் அரபு மொழிப் பாடமாக இருக்கிறது. மிருகங்கள் பேசும் 'கலீலா வ திம்னா'வும் அப்படித்தான். அரபுத் தமிழ் எழுத்தில் கிஸ்ஸா என்றொரு கதை வகையையே வளர்த்த சமூகம் நாம். கதை என்றவுடன் பயப்பட நமக்கு ஒரு காரணமும் இல்லை.

நம்பிக்கை வேறு, கதை வேறு

ஆனால் அந்த வாப்பாவின் கேள்வியில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. பிற சமூகத்தார் பலருக்குப் பேய் வெறும் கற்பனையாக இருக்கலாம். நமக்கு ஜின் ஈமானோடு சேர்ந்த விஷயம். குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்துக்கே 'அல்ஜின்' என்றுதான் பெயர். அப்படியிருக்க, பிள்ளை கதையையும் அகீதாவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதா?

குழப்பிக்கொள்ளும், நாம் பிரித்துச் சொல்லிக் கொடுக்காவிட்டால். நான் வகுப்பில் மூன்றாகப் பிரிப்பேன். ஒன்று, நாம் நம்புவது. ஜின் என்ற படைப்பு உண்டு. இறந்தவரின் ரூஹ் பர்ஸகில் இருக்கிறது, அது புளியமரத்தில் தொங்கிக்கொண்டு திரிவதில்லை. இரண்டாவது, ஊரில் பரவும் பேச்சு. இன்னார் கண்டாராம், இன்ன வீட்டில் சத்தம் கேட்குதாம். இதை விசாரிக்க வேண்டும். மூன்றாவது, கதை. எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும், இது நடந்தது என்று ஒருவரும் சத்தியம் பண்ணவில்லை. ஈமானுக்கு ஆபத்து இரண்டாவதை முதலாவதோடு கலக்கும்போதுதான் வருகிறது. மூன்றாவதால் அல்ல.

குர்ஆன் சொல்லும் ஒரு சம்பவத்தைப் பாருங்கள். ஸூரா ஸபஃவின் 14ஆம் வசனம். ஸுலைமான் நபி (அலை) கைத்தடியில் சாய்ந்தபடியே வஃபாத்தாகிவிடுகிறார்கள். அவர் கட்டளைக்குப் பணிந்து வேலை செய்துகொண்டிருந்த ஜின்களுக்கு அது தெரியவில்லை. பூச்சி தடியை அரித்து உடல் விழுந்த பிறகுதான் தெரியவருகிறது. மறைவானது தெரிந்திருந்தால் அந்தக் கஷ்டத்தில் அவை கிடந்திருக்க மாட்டா என்கிறது குர்ஆன். முன்னால் நிற்கும் மனிதர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே ஜின்னுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால், ஜின்னை வைத்து உங்கள் களவுபோன நகையைச் சொல்கிறேன், உங்கள் எதிரியைச் சொல்கிறேன் என்பவரை என்னவென்று சொல்வது?

இதை நான் சும்மா எழுதவில்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் எட்டாம் தரத்தில் படித்த ஒரு பிள்ளை வகுப்பிலேயே திடீரென்று விழுந்து கைகால் இழுத்துக்கொள்ளும். வீட்டார் ஜின் என்று முடிவு செய்து, ஓதிப் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். நூல், தகடு, ஆட்டுக்குப் பணம், பிறகு இன்னொரு ஆட்டுக்குப் பணம். குர்ஆன் ஓதுவதில் ஷிஃபா உண்டு என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் டொக்டரிடம் போகக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஒன்றரை வருடம் கழித்து ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அது வலிப்பு நோய் என்று கண்டுபிடித்துக் குளிசை கொடுத்தார்கள். பிள்ளை தேறிவிட்டது. போன ஒன்றரை வருடம் போனதுதான். அந்த வீட்டில் யாரும் ஒரு பேய்க்கதைகூடப் படித்தவர்கள் இல்லை.

கதையில் வரும் பேயைப் பார்த்துப் பழகிய பிள்ளை கேட்கும்: "யார் டீச்சர் கண்டது? இதச் சொல்றவர் அப்ப எங்க நின்டவர்?" இலக்கிய வகுப்பில் கதைசொல்லியைப் பற்றி நாம் கேட்கப் பழக்கும் கேள்வி இதுதான். தகடு விற்பவரிடம் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான்.

பயம் ஏன் இனிக்கிறது?

சின்ன வயதில், கரண்ட் போன மழை இரவுகளில், குப்பி லாம்பை நடுவில் வைத்துக்கொண்டு எங்கள் உம்மம்மா கதை சொல்வார். அவர் மடியில் தலை, முதுகில் அவர் கை. கதையில் இஃப்ரீத் வாயைத் திறக்கும்போது என் முதுகு சில்லிடும். ஆனால் கை அங்கேயே இருக்கும். பேய்க்கதையின் இன்பம் முழுக்க இதில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். உடம்பு பயப்படுகிறது, மனதுக்குப் பாதுகாப்பு என்று தெரிகிறது. பெரியவர்களான பிறகு உம்மம்மாவின் மடிக்குப் பதில் புத்தகம். பயம் கூடினால் மூடி வைக்கலாம்.

அவர் சொன்ன கதைகளில் மீனவன் கதை ஒன்று. 'அல்ஃபு லைலா', அதாவது ஆயிரத்தொரு இரவுகளில் வருவது. மீனவன் வலையில் ஸுலைமான் நபியின் முத்திரை இட்ட பித்தளைச் சாடி அகப்படுகிறது. திறந்தால் இஃப்ரீத். விடுவித்தவனையே கொல்லப்போகிறேன் என்கிறது. மீனவன் ஓடவில்லை, அழவுமில்லை. இவ்வளவு பெரிய நீ இந்தச் சின்னச் சாடிக்குள் எப்படி இருந்தாய், என்னால் நம்ப முடியவில்லையே என்கிறான். அதை நிரூபிக்க இஃப்ரீத் உள்ளே போகிறது. மீனவன் மூடியை அடைக்கிறான். பயம் வந்தால் ஒரு கேள்வி கேள் என்பதை எனக்குப் படிப்பித்த முதல் கதை அது.

நல்ல பேய்க்கதை பேயைக் கடைசி வரை முழுசாகக் காட்டாது. 'காஞ்சனை'யை எடுங்கள். கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். பிச்சைக்காரியாக வந்த பெண்ணை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். ராத்திரியில் எங்கிருந்தோ ஒரு வாசனை வருகிறது. அவள் மனுஷியா வேறு ஏதாவதா என்பதைப் புதுமைப்பித்தன் முடிவாகச் சொல்வதே இல்லை. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை மூன்று நாள் லைட் போட்டுத் தூங்கியிருக்க மாட்டாள். பயந்து நடுங்குவது படித்த, பகுத்தறிவு பேசும் கணவன். மனைவி நிம்மதியாக இருக்கிறாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் ஒன்றையே இரண்டு விதமாகப் பார்ப்பதைப் பற்றிய கதை அது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இடையில் எல்லாம் நடந்துமுடிகிறது. தெரிந்த இடத்தில் தெரியாத ஒன்று நிற்கும்போதுதான் பயம் கூடும்.

வைக்கம் முகம்மது பஷீரின் 'நீல வெளிச்சம்' இதற்கு நேர் எதிர். ஓர் எழுத்தாளர் வாடகைக்கு வந்த வீட்டில், கிணற்றில் விழுந்து செத்துப்போன பார்கவி என்ற பெண்ணின் பேய் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? அந்தப் பெண்ணோடு பேசத் தொடங்குகிறார். கூட வசிப்பவளைப் போல விஷயங்களைச் சொல்கிறார், இசைத்தட்டுப் போட்டுக் கேட்க வைக்கிறார். ஓர் இரவு விளக்குக்கு எண்ணெய் தீர்ந்து, வாங்கி வர வெளியே போகிறார். திரும்பி வந்து பார்த்தால் அறை முழுக்க நீல வெளிச்சம். அவ்வளவுதான் கதை. பஷீரே திரைக்கதை எழுத, 1964இல் 'பார்கவி நிலையம்' என்று மலையாளத்தில் படமாகவும் வந்தது. ஒரு முஸ்லிம் எழுத்தாளர் பேயிடம் காட்டிய இரக்கம் அது. யாருமே அழாமல் செத்துப்போன ஒருத்திக்கு ஒரு மனிதன் துணையிருக்கிறான். படித்து முடித்தால் பயம் இருக்காது, பார்கவியை நினைத்துக் கவலைதான் இருக்கும்.

எங்கள் மலைகளில்

எங்கள் பகுதிக் கதைகளிலும் இந்தக் கவலைதான் கூடுதல். மலையகச் சிறுகதை என்றால் என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் என்று யதார்த்தமாக எழுதியவர்களே உடன் நினைவுக்கு வருவார்கள். லயத்து வாழ்க்கையையும் கொழுந்துக் கூடையின் பாரத்தையும் அவர்கள் எழுதினார்கள். பேய்க்கதை பெரும்பாலும் ஸ்தோப்பில் இருந்து வாயால் சொல்வதாகவே நின்றுவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் என் வகுப்பில் இந்தக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. சிங்கமலைச் சுரங்கக் கதை, நடுச்சாமத்தில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் கங்காணி கதை, பாதையில் கைகாட்டி வாகனத்தை மறிக்கும் மோகினி கதை.

தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதை முனி என்ற ஒரு முனியைக் கும்பிடுவார்கள். ரோதை என்றால் இயந்திரச் சக்கரம். அந்த நம்பிக்கை நமதல்ல. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க நமக்குத் தடையில்லை. சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்து வேலை செய்பவருக்கு அந்தச் சக்கரத்தின் மீது பயம் இருக்கத்தானே செய்யும்? அந்தப் பயத்துக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்.

மஸ்கெலியாவைப் பாருங்கள். 1960களின் கடைசியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் மிச்சங்கள் வெளியே தெரியும். ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் எனக்குச் சொன்ன கதை, சுபஹ் நேரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து பாங்குச் சத்தம் கேட்கும் என்பது. "கேட்டிருக்கியா மகன்?" என்றேன். "இல்ல டீச்சர், உம்மம்மா கேட்டதாம்" என்றான். அந்த உம்மம்மாவின் வீடும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது.

எந்த வயதுக்கு எது?

எல்லாப் பேய்க்கதையும் எல்லாருக்கும் அல்ல. என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

பத்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குப் பேய் தோற்கும் கதை வேண்டும். மீனவன் கதை அந்த வகை. 'அம்புலிமாமா'வில் வந்த விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளும் நல்லவை. அந்த வேதாளம் ஆளைத் தின்பதில்லை, நியாயம் எது என்று கேள்வி கேட்கிறது. படிக்கும் பிள்ளையும் பதில் தேடும். படுக்கப்போகும் நேரத்தில் தனியாகப் படிக்க விடாமல், பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுவது நல்லது.

பதின்மூன்று, பதினான்கு வயதில் முடிவு சொல்லாத கதைகளைத் தாங்குவார்கள். 'காஞ்சனை'யை அந்த வயதில் கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, படித்த பிறகு பேச வேண்டும். அதைத்தான் நான் அந்தப் பிள்ளை விஷயத்தில் செய்யவில்லை. பிழை கதையில் இல்லை, என்னில்தான்.

பெரியவர்களுக்குப் பஷீர் இருக்கிறார். அவருடைய பல நூல்களைக் குளச்சல் மு. யூசுப் தமிழுக்குத் தந்திருக்கிறார். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) பேய்க்கதை அல்ல. ஆனாலும் பயத்தையும் பக்தியையும் வைத்துப் பாமரர்களை ஒருவர் எப்படிச் சுரண்டலாம் என்பதை அதில் வரும் தங்ஙளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் எந்த வயதிலும் செய்யக் கூடாது. சோறு தின்னாவிட்டால் பேய் வரும், சொல் கேட்காவிட்டால் ஜின் பிடிக்கும் என்று பிள்ளையை வெருட்டுவது. அங்கே நாம் கதையை உண்மை என்று சொல்லி ஏமாற்றுகிறோம். பேய்க்கதைப் புத்தகத்தைப் பார்த்துப் பதறும் பெற்றோர் பலர் இதைக் கூசாமல் செய்கிறார்கள்.

ஏழு கன்னியர் மலை

அந்த வாப்பாவின் மகள் கதைக்கு வருகிறேன். மூன்றாம் தவணையில், உங்கள் ஊரில் சொல்லப்படும் ஒரு கதையை உங்கள் நடையில் எழுதுங்கள் என்று ஒப்படை கொடுத்தேன். அவள் எழுதியது ஏழு கன்னியர் மலையைப் பற்றி.

நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கம் போனவர்களுக்கு அந்த மலைத்தொடர் தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட ஒரு டி.சி. 8 விமானம் கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன் அந்த மலையில் மோதியது. விமானம் எங்கே பறக்கிறது என்பதை அதன் ஊழியர்கள் தவறாகக் கணித்துவிட்டார்கள். 182 பயணிகள், 9 ஊழியர்கள், 191 பேரும் மௌத். பயணிகள் ஹஜ்ஜுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

அவளுடைய கதையில், டிசம்பர் மாதப் பனிமூட்டத்தில் கொழுந்து மலையால் வரும் ஒரு சிறுமியை வெள்ளை உடுத்த ஆட்கள் சிலர் மறிக்கிறார்கள். அவர்கள் பேசுவது அவளுக்கு விளங்காத பாஷை. ஒரு சொல் மட்டும் விளங்குகிறது: மக்கா. வழி கேட்கிறார்கள். சிறுமி, வீட்டில் தொழும்போது வாப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்று யோசித்து, அந்தத் திசையைக் கை நீட்டிக் காட்டுகிறாள். அவர்கள் வரிசையாக அந்தப் பக்கம் நடந்து பனிக்குள் போகிறார்கள். கதை அங்கே முடிகிறது. அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: 'இது கதை. அவர்களின் ரூஹ் அல்லாஹ்விடம் இருக்கிறது.'

பிரித்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை குழப்பிக்கொள்ளாது என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த இரண்டு வரியை வைத்துத்தான் எழுதினேன்.

பெற்றோர் கூட்டத்தன்று கொப்பியை அவருடைய வாப்பாவிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து மறுபடியும் வாசித்தார்.

"எழுபத்து நாலு தானே டீச்சர்? எனக்கு அப்ப எட்டு வயசு. எங்கட வாப்பாவும் மலைக்குப் போனவர், மையித்துகள எடுக்க. திரும்பி வந்து மூணு நாள் ஒருத்தரோடயும் பேசல்ல. எனத்தக் கண்டார்னு மௌத்தாகும் வரைக்கும் சொல்லவுமில்ல. நானும் கேக்கல்ல."

இதை மகளிடம் சொன்னதுண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். தோட்டத்துச் சிநேகிதி ஒருத்தி சொன்ன பேய்க்கதையிலிருந்து அவள் எடுத்திருக்கிறாள். அந்த வீட்டில் ஐம்பது வருடமாகப் பேசாமல் கிடந்த விஷயம் பேய்க்கதையாகச் சுற்றிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டு, அந்த 191 பேரில் ஈமானோடு போனவர்களுக்காக அவர் ஒரு ஃபாத்திஹா ஓதினார். நானும் ஓதினேன். போகும்போது வாசலில் நின்று கேட்டார்:

"அந்தப் புத்தகம் இன்னும் ஈக்குதா டீச்சர்? கொஞ்சம் தாங்களேன், நானும் வாசிச்சுப் பாக்க."